பதினொரு மணிக்கு அறுந்துபோகும் இணைப்பு

மருத்துவர் சொன்னது, "பயப்பட ஒன்றுமில்லை" என்பதுதான். மிர்சினி அதைக் கைகளால் சொல்லத் தொடங்கினாள். பயம் என்பதற்கான சைகையைக் காட்டிவிட்டு, இல்லை என்று சொல்லக் கையை எடுத்தபோது திரை உறைந்துபோனது.

மிர்சினிக்குத் தொழில் சைகைமொழி பெயர்ப்பு. பிரேயஸ் துறைமுகத்துக்கு மேலே, மூன்றாம் மாடி வீட்டின் சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ தூரத்து ஊர்களின் மருத்துவமனைகளில் காது கேளாதவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் நடுவே காணொளி வழியாகப் பேசுவாள். அன்று லாரிசா ஊர் மருத்துவமனையில் இருந்தவள் கிரிசாந்தி. ஏழு மாதக் கர்ப்பிணி. நாற்பது விநாடி அவள் திரையில் பார்த்துக்கொண்டிருந்தது, கண்ணை அகல விரித்து "பயம்" என்று காட்டியபடி அப்படியே நின்றுவிட்ட மிர்சினியின் முகத்தைத்தான்.

படம் திரும்பி வந்தபோது கிரிசாந்தி அழுதுகொண்டிருந்தாள். என்ன நடந்தது என்று புரியாமல் மருத்துவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

மாலையில் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. "உங்க வேலையைப் பத்தி யாரும் குறை சொல்லல, மிர்சினி. ஆனா உங்க இணைப்பு சரியாகுற வரைக்கும் மருத்துவமனை வேலை தர முடியாது. மாசக் கடைசி வரைக்கும் பார்க்கலாம்."

இது முதல் தடவை அல்ல. குளிர்காலம் தொடங்கியதிலிருந்தே இப்படித்தான். நவம்பரில் தொலைபேசி நிறுவனம் பழைய இணைப்பை எடுத்துவிட்டுப் புதிய வேகமான இணைப்பு கொடுத்தது. புதிய மோடமும் வந்தது. வேகம் இரண்டு மடங்கு ஆகும் என்றார்கள். வந்ததோ பழையதில் பாதி. அதுவும் நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும்.

உதவி எண்ணில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் எடுப்பார்.

"மோடத்தை அணைச்சிட்டு முப்பது வரைக்கும் எண்ணுங்க, மேடம்."

"நேத்து எண்ணினேன். முந்தாநாளும் எண்ணினேன்."

"இன்னைக்கு எண்ணிப் பாருங்களேன்."

எண்ணினாள். இணைப்பு வந்தது. தானாக வந்ததா, எண்ணியதால் வந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் கணவன் ஃபோட்டிஸ் கப்பல் பயணச்சீட்டு அலுவலகத்தில் வேலை செய்பவன். தினம் சாயங்காலம் ஒரு புதுக் காரணத்தோடு வீட்டுக்கு வருவான். முதலில் கூடத்துக் கண்ணாடிதான் அலையைத் திருப்பி அடிக்கிறது என்று அதைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். பிறகு மோடம் தரையில் இருப்பதுதான் கோளாறு என்று ஃப்ரிட்ஜ் மேல் ஏற்றினான். அப்புறம் மைக்ரோவேவ் அடுப்பின் மேல் சந்தேகம் விழுந்தது.

"அதை நான் ஒரு நாளைக்கு ரெண்டு நிமிஷம்தான் போடுறேன்" என்றாள் மிர்சினி.

"போடாட்டியும் அது சும்மா இருக்காது. செருகி வெச்சிருந்தாலே ஏதோ ஒண்ணு வெளிய விட்டுக்கிட்டே இருக்கும்."

"என்ன விடும்?"

"அது... அலை."

அடுப்பு பால்கனிக்குப் போனது. ஈஸ்டர் வாரம் அது. அந்த வாரம் முழுக்க இணைப்பு ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. ஃபோட்டிஸ் பண்டிகைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தான். வந்தவர்களில் இரண்டு பேர் தங்கள் வீட்டு அடுப்பையும் பால்கனியில் வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பண்டிகை முடிந்து செவ்வாய்க்கிழமை காலை, அடுப்பு பால்கனியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திக்கொண்டு கிடக்கும்போதே, இணைப்பு அறுந்தது. மணி பதினொன்றே கால்.

அதற்குப் பிறகு மிர்சினி நேரத்தைக் குறித்துவைக்க ஆரம்பித்தாள். பெரும்பாலும் பதினொரு மணியை ஒட்டி ஒரு தடவை. மாலை ஐந்தரைக்கு ஒரு தடவை. இடையில் கணக்கில்லாமல் ஒன்றிரண்டு. பதினொரு மணிக்கு அவள் எழுந்து காப்பி போடுவது வழக்கம். ஒருவேளை தான்தான் ஏதாவது செய்கிறோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நாள் காப்பி போடாமல் நாற்காலியைவிட்டு அசையாமல் உட்கார்ந்து பார்த்தாள். பதினொன்று பத்துக்கு அறுந்தது. மறுநாள் வேண்டுமென்றே காப்பி போட்டாள். அன்றைக்கு அறுபடவே இல்லை. அதுதான் அவளை இன்னும் குழப்பியது. எந்த வைத்தியமும் பலிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். எல்லாமே கொஞ்ச நேரம் பலித்துவிட்டுக் கைவிட்டால் எதை நம்புவது?

தானாகக் கெடும், தானாகச் சரியாகும் ஒன்றோடு ஐந்து மாதம் குடித்தனம் செய்தால் மனிதருக்கு ஒருவிதமான பயம் வந்துவிடும் போலிருக்கிறது. திரையில் கிரிசாந்தி மாதிரி யாராவது அவள் கையையே உற்றுப் பார்க்கும்போது, கையைத் தூக்கவே அவளுக்குத் தயக்கமாக இருந்தது.

கடைசியில் தொலைபேசி நிறுவனம் ஓர் ஆளை அனுப்பியது. சராந்திஸ் என்று பெயர். ஐம்பது வயதிருக்கும். வரும்போதே களைத்துப்போய் வந்தார். கீழ்த்தளத்துப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மாடி ஏறி வந்து, சமையலறைச் சுவரில் இருந்த இணைப்பில் தன் கருவியைச் செருகினார்.

"லைன் சுத்தமா இருக்கும்மா. கீழ் பெட்டி வரைக்கும் ஒரு குறையும் இல்ல. இங்க வந்ததும் வேகம் பாதியாகுது. அது வீட்டுக்குள்ள உள்ள கோளாறு."

"அப்போ அறுந்துபோறது?"

"இப்போ அறுந்துபோகலையே."

"கொஞ்ச நேரம் இருங்க. ஒரு காப்பி குடிங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஐந்து வீடு பாக்கி என்றார். ஆனாலும் உட்கார்ந்தார். காப்பி பாதி இறங்கியிருக்கும். கருவியின் திரையில் எண்கள் மளமளவென்று சரிந்து பூஜ்யத்துக்கு வந்தன. சராந்திஸ் கோப்பையைக் கீழே வைத்தார்.

"போனை யாரு எடுத்தது?"

"எந்தப் போனை?"

"வீட்டுப் போனை. யாரோ ரிசீவரைத் தூக்கியிருக்காங்க."

"எங்க வீட்டுல போனே இல்லீங்க. கைப்பேசி மட்டுந்தான்."

"இருக்கணும்."

"இல்லைங்கிறேன். வேணும்னா தேடிக்கோங்க."

இருவரும் நிஜமாகவே தேடினார்கள். அலமாரிக்குப் பின்னால், படுக்கையறையில், பரணில்கூட. வீடு மிர்சினியின் சித்தி எவாந்தியாவுடையது. மூன்று வருடத்துக்கு முன் சித்தி இறந்த பிறகு மிர்சினிக்கு வந்தது. தொலைபேசி எண்ணும் அப்படியே இவள் பெயருக்கு மாறியது. பழைய போன் ஒன்று இருந்திருக்கலாம், ஆனால் அதை வீட்டைக் காலி செய்தபோதே தூக்கிப் போட்டாயிற்று.

எண்கள் தானாகத் திரும்ப ஏறின. சராந்திஸ் சுவரிலிருந்த பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு கம்பிகள். ஒன்று மோடத்துக்குப் போனது. மற்றொன்று சுவருக்குள் நுழைந்து, ஜன்னல் சட்டத்தை ஒட்டி, மேலே பூசிய வண்ணத்தோடு வண்ணமாக மறைந்து வெளியே போனது.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே, கட்டடத்தின் நடுவில் காற்றுக்காக விட்ட குறுகிய சந்து. இருவரும் தலையை நீட்டிப் பார்த்தார்கள். கம்பி சுவரோடு இறங்கி, துணி காயப்போடும் கயிற்றைத் தாண்டி, கீழ்வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குள் போயிருந்தது.

"கீழே யாரு?"

"தெமிஸ் மாமா. கப்பல்ல சமையல்காரரா இருந்தவர். தனியா இருக்கார்."

அவர்கள் மணியடித்ததும் கதவு உடனே திறந்தது. தெமிஸ் மாமாவுக்கு எழுபத்தைந்து வயது. பனியன், இடுப்பில் சமையல் துண்டு. சராந்திஸின் பையையும் கருவியையும் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்து, உடனே சிவந்தது.

"வாய்யா வா! அஞ்சு மாசமா கத்திக்கிட்டிருக்கேன், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? உங்க ஆபீசுல இருந்து இங்க வர்றதுக்குள்ள நான் ரெண்டு தடவை உலகத்தைச் சுத்தியிருப்பேன்."

"நான் உங்களுக்காக வரலீங்க. மேல் வீட்டுக்கு வந்தேன்."

"போன் ரிப்பேர் பண்றவன்தானே நீ? செத்துக் கெடக்குறது என் போனு. அவ வீட்டுல உனக்கென்ன வேலை?"

சமையலறை மேசை மேல் சாம்பல் நிறத்தில் பழைய போன் ஒன்று இருந்தது. மச்சினன் ஏயினா தீவிலிருந்து காலையில் பதினொரு மணிக்கும் சாயங்காலம் ஐந்தரைக்கும் கூப்பிடுவது வழக்கமாம். நவம்பரிலிருந்து போனில் மூச்சே இல்லை. கைப்பேசியில் தெமிஸ் மாமாவுக்குச் சரியாகக் காது கேட்காது. இன்றைக்காவது உயிர் வந்திருக்குமா என்று அந்த நேரத்துக்கெல்லாம், சமயத்தில் இடையிலும், ரிசீவரை எடுத்துப் பார்ப்பார். சில நாள் எடுக்க மறந்துவிடும். ஈஸ்டருக்கு அவரே மச்சினன் வீட்டுக்குப் போய்விட்டார்.

மிர்சினி அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க நம்பர் என்ன, ஐயா?" என்றார் சராந்திஸ்.

தெமிஸ் மாமா பத்து எண்களையும் ஒரே மூச்சில் சொன்னார். சராந்திஸ் தன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். பிறகு மிர்சினியைப் பார்த்தார்.

"இது இவங்க வீட்டு நம்பர்."

"இவ நேத்து வந்த பொண்ணு. நாப்பது வருஷமா இது என் நம்பர்."

"அந்தக் காலத்துல போன் கேட்டா ஏழெட்டு வருஷம் ஆகும், ஐயா. ஒரு வீட்டுக்கு வந்துட்டா, வேண்டியவங்களுக்கும் ஒரு கம்பி இழுத்துக் குடுத்துடுவாங்க. இந்தப் பக்கம் நிறையப் பார்த்திருக்கேன். நவம்பர்ல லைனை மாத்தினோம்ல, இனிமே பேச்சு மோடம் வழியாத்தான் வரும். அதான் உங்களுது ஊமையாயிடுச்சு. ஆனா கம்பி இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. அதால இவங்க வேகம் பாதி. நீங்க ரிசீவரைத் தூக்கினா மீதியும் போயிடும்."

தெமிஸ் மாமா துண்டை அவிழ்த்து மேசை மேல் போட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்போ என் தலைக்கு ஒண்ணும் ஆகலையா?"

"என்ன மாமா சொல்றீங்க?"

"போன் ஆபீசுல ஒரு பொண்ணு சொல்லுச்சு. 'உங்க பேர்ல இணைப்பு எதுவும் இல்லை, ஐயா. எப்பவுமே இருந்ததில்லை'ன்னுச்சு. நான் வீடு முழுக்கக் கெளறிப் பார்த்தேன். போன் கம்பெனி காகிதம்னு ஒண்ணுகூட இல்ல. எப்படி இருக்கும்? இருந்திருக்கணுமேன்னு யோசிச்சேன். சரி, புத்தி கழண்டுபோச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். தெனம் காலையில, கப்பல் போன துறைமுகத்தையெல்லாம் வரிசையா சொல்லிப் பார்ப்பேன். சாந்தோஸ், டர்பன், கொழும்பு... எல்லாம் ஞாபகம் இருக்கு, போன் மட்டும் எப்படி வந்துச்சுன்னு வரலே. வர்ற வியாழக்கிழமை மூளை டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன்."

"போன் எப்படி வந்துச்சு?" என்றாள் மிர்சினி.

"நான் கப்பல்ல இருந்தேன். திரும்பி வந்தப்போ வீட்டுல போன் இருந்துச்சு. கல்லிரோயி வாங்கியிருப்பான்னு நெனைச்சேன். வீட்டு விஷயத்துல நான் என்னைக்குக் கேள்வி கேட்டேன்? பில்லு பேங்குல தானாக் கழியுதுன்னு நெனைச்சுட்டேன்."

கல்லிரோயி அவர் மனைவி. எவாந்தியா சித்தியின் உயிர்த்தோழி. இறந்து ஆறு வருடமாகிறது. இரண்டு பேருமே இதை யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்கள்.

"அப்போ நான் ஒவ்வொரு துறைமுகத்துல இருந்தும் கூப்பிட்டப்போ..."

"ரெண்டு வீட்டுலயும் மணி அடிச்சிருக்கும்" என்றார் சராந்திஸ்.

"எவாந்தியாவும் எடுத்திருப்பாளா?"

"எடுத்தாலும் உடனே வெச்சிருப்பாங்க, மாமா" என்றாள் மிர்சினி.

"யாரு, உங்க சித்தியா? வெச்சிருப்பாளா?"

மிர்சினியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தெமிஸ் மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஒரு தடவை டர்பன்ல இருந்து கல்லிரோயிகிட்ட கன்னாபின்னான்னு சண்டை போட்டேன். ஊருக்கு வந்தா, எவாந்தியா படிக்கட்டுல என்னைப் பார்த்துட்டு மூஞ்சைத் திருப்பிக்கிட்டுப் போறா. ஒரு வருஷம் என்கூடப் பேசலே. நான் அவளுக்கு என்ன பண்ணேன்னு இன்னைக்கு வரைக்கும் புரியல. பாவி, கேட்டுக்கிட்டிருந்திருக்கா!"

சராந்திஸ் இடுக்கியை எடுத்தார். "மேல போய்க் கம்பியை வெட்டிட்டா இவங்க பிரச்சினை தீர்ந்துச்சு."

"வெட்டிட்டா எனக்கு?"

மிர்சினிதான் கேட்டாள்: "பேச்சு மோடம் வழியா வரும்னு சொன்னீங்களே. இந்தக் கம்பியைச் சுவர்ல இருந்து பிடுங்கி மோடம்ல செருகினா என்ன?"

சராந்திஸ் அவளைப் பார்த்தார். "ரெண்டு வீட்டுக்கு ஒரு லைன் நான் குடுக்கக் கூடாதும்மா."

"நீங்க குடுக்கல. எங்க சித்தி குடுத்தது."

அவர் பெருமூச்சு விட்டுவிட்டு மாடி ஏறினார். கால் மணி நேர வேலை. ஃப்ரிட்ஜ் மேலிருந்த மோடத்தை இறக்கி, கம்பியை அதன் பின்புறம் செருகினார். மிர்சினி தன் கைப்பேசியிலிருந்து தன் வீட்டு எண்ணையே அழைத்தாள். சந்து வழியாகக் கீழிருந்து மணிச்சத்தம் கேட்டது. ஐந்து முறை அடித்த பிறகுதான் ரிசீவர் எடுக்கப்பட்டது.

"யாரு?" என்றது குரல், சந்தேகமாக.

"நான்தான் மாமா. மிர்சினி."

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

வேகம் சொன்னபடியே இரண்டு மடங்கானது. மே மாதம் கிரிசாந்தியின் அடுத்த பரிசோதனைக்கு மிர்சினியே மொழிபெயர்த்தாள். அரை மணி நேரமும் படம் அசையாமல் நின்றது. கிரிசாந்தி கடைசியில், போன தடவை உங்கள் முகத்தைப் பார்த்து இரண்டு நாள் தூங்கவில்லை என்று கையால் சொன்னாள். மிர்சினி மன்னிப்புக் கேட்டாள். ஒரு கம்பியும் கப்பல் சமையல்காரரும் என்று விளக்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டாள். தெமிஸ் மாமா டாக்டரிடம் போகவில்லை.

ஆனால் ஜூன் முதல் வாரத்தில் இணைப்பு மறுபடியும் ஒருமுறை அறுந்தது. கீழ்வீட்டில் ரிசீவரைத் தூக்கினாலும் இப்போது ஒன்றும் ஆகாது. கூடத்தில் திரும்ப மாட்டியிருந்த கண்ணாடியை ஃபோட்டிஸ் சந்தேகமாகப் பார்த்தான். மிர்சினி பழக்கதோஷத்தில் மோடத்தை அணைத்துவிட்டு எண்ணத் தொடங்கினாள். பன்னிரண்டு வரை வந்திருப்பாள். சந்திலிருந்து, கரண்டியால் ஜன்னல் கம்பியை அடிக்கும் சத்தம் வந்தது.

"அடியேய் மிர்சினி! மச்சினன்கிட்டே பேசிக்கிட்டிருக்கேன், என்னத்தைடி பண்ணே?"

"ஒரு நிமிஷம் மாமா! திரும்பப் போடுறேன்!"

"அந்தக் காலத்துல கரண்டு போனாலும் இது வேலை செய்யும். இப்போ நீ கைய வெச்சா போயிடுது. இதுக்குப் பேரு புதுசா?"

மிர்சினி பதில் சொல்லத் தலையை நீட்டினாள். அதற்குள் எத்தனை வரை எண்ணினோம் என்பது மறந்துபோயிருந்தது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.