அறுபத்தஞ்சு வாட் போர்டு

மூணாவது தடவையும் கல்யாண வீடியோ பதினெட்டு சதவீதம் தயாரானதும் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. பெட்டியின் பக்கத் தகரத்தைக் கழற்றி, டேபிள் ஃபேனை உள்ளே பார்க்கத் திருப்பி வைத்தும் பிரயோசனமில்லை. மதர்போர்டில் புராசஸருக்கு மின்சாரம் ஊட்டுகிற மூலையை வினோலியா விரலால் தொட்டாள். தோசைக்கல் மாதிரி சுட்டது.

மணி பன்னிரண்டரை. அஞ்சு மணிக்கு வடமதுரை மாப்பிள்ளை வீடியோ வாங்க வருவான். வாங்கிக்கொண்டு நேரே ஏர்போர்ட், அங்கிருந்து குவைத். ஸ்டுடியோ வேலையை விட்டுவிட்டு மேட்டுப்பட்டி வீட்டிலேயே எடிட்டிங் ஆரம்பித்த பிறகு அவள் தனியாகப் பிடித்த முதல் கல்யாணம் இது. அடுப்பையும் பார்த்துக்கொண்டு இவள் எந்தக் காலத்தில் வீடியோ கொடுக்கப்போகிறாள் என்று பழைய முதலாளி மதியழகன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இன்றைக்குத் தவறினால் அந்த ஆள் சொன்னதுதான் நிலைக்கும்.

பழைய புராசஸர் இதை முடிக்க அஞ்சு மணி நேரம் இழுக்கும். அதனால்தான் முந்தாநாள் மதுரைக்குப் போய்ப் பெரிசாக ஒன்று வாங்கி வந்தாள். கடைக்காரர் சொல்லத்தான் செய்தார், உங்கள் மதர்போர்டு அறுபத்தஞ்சு வாட்தான் தாங்கும், இது நூத்தஞ்சு வாட் இழுக்கும் என்று. சாக்கெட்டில் உட்காருமா உட்காராதா, அதை மட்டும் சொல்லுங்கள் என்று இவள் கேட்டாள். உட்காரும் என்றார். உட்கார்ந்தது. பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாயிற்று. வெட்டி ஒட்டுகிற வரைக்கும் பேசாமல் இருந்த போர்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வீடியோவாக ஆக்கச் சொன்னதும் படுத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் ஆண்டனிராஜ் சாப்பிட வந்தான். வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவன். ஒரு காலை லேசாகச் சாய்த்து நடந்தான். வெஞ்சனம் ஒன்றும் வைக்கவில்லை, ரசமும் அப்பளமும்தான் என்றாள். முனகிக்கொண்டே உட்கார்ந்து, மண்டிக் கதையை எடுத்தான். காலையில் கூட மூட்டை தூக்குகிற சோலைமலைக்குக் கொழுப்பு ஏறி, ஐம்பது கிலோ மூட்டை ரெண்டைச் சேர்த்து முதுகில் ஏற்றிக்கொண்டானாம். நாலாவது நடையில் முட்டி மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டானாம்.

"அப்புறம்?" என்றாள், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"அப்புறமென்ன, ஒத்த மூட்டையா தூக்குடான்னாங்க. அம்பதுதானே, பயலுக்குப் பஞ்சு மாதிரி. செத்த நேரத்துல எல்லாரையும் முந்தி லாரியைக் காலி பண்ணிட்டான். தெம்பு உள்ளவன் கொறைச்சுத் தூக்கினாலும் நோஞ்சானைவிட வெரசாத்தான் முடிப்பான்."

வினோலியாவின் கை மௌஸில் நின்றது. ரசம் கேட்டான். காதில் விழவில்லை. கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டு, அது எழும்புவதற்குள் பட்டனைத் தட்டி, போர்டின் செட்டிங் இருக்கிற பயாஸுக்குள் போனாள். பவர் லிமிட் என்ற இடத்தைத் தேடிப் பிடித்து, புராசஸர் அதற்கு மேல் இழுக்காதபடி அறுபத்தஞ்சு என்று அடித்தாள். வீடியோவை மறுபடி ஓடவிட்டாள்.

பத்து சதவீதம். பதினெட்டு. மூலையைத் தொட்டாள். சூடுதான், ஆனால் விரல் தாங்கியது. இருபத்தஞ்சைத் தாண்டியதும் எழுந்துபோய் அவனுக்கு ஒரு ஆம்லெட் போட்டாள். இம்புட்டு மரியாதை எதற்கு என்று அவன் சந்தேகமாகப் பார்த்தான்.

மூணேகாலுக்கு வேலை முடிந்தது. முதலிலிருந்து கடைசிவரை ஒருதரம் ஓட்டிப் பார்த்தாள். நாலரைக்கே வந்துவிட்ட மாப்பிள்ளை, பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தங்கச்சி கல்யாணமும் உங்களுக்குத்தான்கா என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினான்.

சாப்பிட்ட பிறகு மண்டிக்குத் திரும்பாத ஆண்டனிராஜ், வாசலில் நின்று பார்த்துவிட்டு நொண்டிக்கொண்டே உள்ளே வந்தான்.

"ஏங்க, சோலைமலை தொப்பம்பட்டிக்குக் காதுகுத்துக்குப் போயி ஒரு வாரமாச்சு, இன்னும் வேலைக்கு வரலைன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

அவன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான்.

"உக்காருங்க. தைலம் எடுத்தாரேன்," என்றாள் வினோலியா. "நாளையிலருந்து ஒங்களுக்கும் ஒத்த மூட்டைதான்."