கரையில் நின்ற ஆத்துப்பாலை

மார்க்கையன்கோட்டைக்குக் கீழே, ஆற்றங்கரையை ஒட்டி இருந்தது வேல்பாண்டியின் வாழைத்தோட்டம். கரையில் ஏழெட்டு ஆத்துப்பாலை மரங்கள் வேரால் மண்ணைப் பிடித்து, தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றன. நிழல் விழுந்த இடத்தில் வாழை தேறவில்லை. வெட்டினால் ஊர் கேள்வி கேட்கும் என்று, போன வருடம் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, அடிமரத்தில் சுற்றிலும் பட்டையை உரித்துச் சேற்றைப் பூசிவிட்டான். மரங்கள் காய்ந்தன. ஏதோ நோய் என்று ஊரில் பேசினார்கள். அவனும் ஆமாம் போட்டான். பிறகு ஜேசிபியை விட்டுத் தூரோடு பிடுங்கி எறிந்தான்.

இந்த ஐப்பசி மழையில், மரங்களைப் பிடுங்கிய இடத்தில்தான் கரை உடைந்தது. அவனுக்குச் சில வாழைகள் சாய்ந்ததோடு போயிற்று. அடுத்த பள்ளத்தில் இருந்த ராஜா முகம்மதுவின் வயல், அறுப்புக்கு நின்ற நெல்லோடு மணலுக்குள் போய்விட்டது.

மழை விட்டதும் ராஜா முகம்மது அவன் வீட்டுக்கே வந்தார். வேல்பாண்டிக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"மன்னிச்சுக்கப்பா," என்றார் அவர். "மோட்டார் பைப்பு பதிக்கக் கரைய நோண்டுனேன்ல, அதுலதான் எளகிப்போச்சு. ஒன் வாழையும் என்னால சாஞ்சிருச்சு."

"பரவாயில்லண்ணே," என்றான் வேல்பாண்டி. சொன்ன பிறகுதான், தான் அவரை மன்னித்துவிட்டது உறைத்தது.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பட்டை உரித்த அரிவாளைக் கழுவி வைத்தவள் அவன் மனைவி நாகஜோதிதான். "அந்த மனுசன் தன்னையே வைஞ்சுக்கிட்டுத் திரியிறாக. நாம வாயத் தொறக்காம ஒக்காந்திருக்கோம்," என்றாள்.

வேல்பாண்டி அவர் வயலுக்குப் போனான். ராஜா முகம்மது மணலை வாரிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒங்க பைப்பால ஒடையல. மரத்துக்கு நோயும் வரல. நாந்தான் பட்டைய உரிச்சுக் காய விட்டேன்."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு உடைப்பையே பார்த்து நின்றார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நெழல் அடிக்கிற கெளைய மட்டும் கழிச்சு விட்டிருக்கலாமே. நானே ஏறிக் கழிச்சிருப்பேனே."

நாலு வார்த்தை வைதிருந்தால் தேவலை என்றிருந்தது வேல்பாண்டிக்கு. மண்வெட்டியை வாங்கக் கை நீட்டினான்.

"வேண்டாம். நீ போ."

வேல்பாண்டி சின்னமனூருக்கு மேற்கே ஓர் ஓடைக்கரையில் ஆத்துப்பாலைக் கொம்புகளை வெட்டி வந்து, உடைப்பு நெடுக ஊன்றினான். தை மாதம் அவை துளிர்விட்டன. ராஜா முகம்மது அந்த வழியாக வந்தால், குனிந்து துளிரைத் தொட்டுப் பார்க்கிறார். வேல்பாண்டி கூப்பிட வாயெடுப்பதற்குள் நடந்துவிடுகிறார்.