கையால் நிறுத்திய பேச்சு

“சொல்ல வந்தேன்டா! பக்கத்து வீட்டு பூச்சட்டியில நத்தையக் கொல்ற மருந்து கெடந்துச்சு, ரோமியோ அத நக்கிட்டு வந்தான்னு சொல்லத்தான் வந்தேன். நீ விட்டியா?”

“நான் என்னமா பண்ணேன்? நீங்க சத்தமா சொல்லியிருக்கலாம் லா!”

“சும்மா இருங்கமான்னு அடக்குனது யாரு? நீதான்டா கொன்ன.”

கிள்ளானில் தன்னுடைய கிளினிக்கில், கதவுக்குப் பின்னால் நின்று டாக்டர் சிவேந்திரன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே மேசைமேல் ரோமியோ துணி போர்த்திக் கிடந்தது. வலிப்பு நிற்காமல் சற்று முன்புதான் செத்துப்போன நாய். வெளியே நல்லம்மாளும் அவர் மகன் கிஷனும்.

நாயைத் தூக்கி வந்தபோது கிஷன்தான் இங்கிலீஷில் மடமடவென்று விவரம் சொன்னான். போன வருஷமும் ஒரு தடவை வலிப்பு வந்ததாம். டாக்டர் அவனிடமே பேசினார், அதே வலிப்புதான் என்று ஊசி போட்டார். விஷம் என்று தெரிந்திருந்தால் வைத்தியமே வேறு.

கதவைத் திறந்து வெளியே போயிருக்கலாம். போகவில்லை. திட்டு மகனுக்குத்தானே, நமக்கில்லையே என்று மனசு ஓர் ஓரத்தில் மூச்சு விட்டது.

ரோமியோவை எரித்த சாம்பலை வாங்க நல்லம்மாள் தனியாக வந்தார். “அவன்கிட்ட நான் பேசுறதில்ல டாக்டர்” என்றார். அப்போதும் சிவேந்திரன் வாய் திறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு பயிற்சி. விலங்கு மருத்துவர்கள் பிராணி வளர்ப்பவர்களிடம் எப்படிப் பேசுவது என்று. சாப்பாட்டுக்குப் பிறகு நடித்துக் காட்டச் சொல்லி வீடியோ எடுத்தார்கள். செந்தூலில் கிளினிக் வைத்திருக்கும் மலர்விழி பூனைக்கார அம்மாவாக நடித்தார், இன்னொருவர் மகளாக, சிவேந்திரன் டாக்டராக.

வீடியோவைத் திரையில் போட்டார்கள். சிவேந்திரன் மகளிடம் பேசிக்கொண்டிருக்கிறார். அம்மா வாயைத் திறக்கிறார். உடனே சிவேந்திரனின் வலது கை எழும்புகிறது, உள்ளங்கை வெளியே தெரிய. அம்மா பக்கம் முகம்கூடத் திரும்பவில்லை.

“என்னண்ணே, டிராபிக் போலிஸ் மாதிரி நிறுத்துறீங்க? நான் என்ன லோரியா?” என்றார் மலர்விழி. எல்லாரும் சிரித்தார்கள்.

சிவேந்திரன் திரையில் தன் கையைப் பார்த்தார். ரோமியோவைக் கொண்டுவந்த அன்றைக்கும் இதே கைதான். “டாக்டர், பக்கத்து வீட்டுல...” என்று நல்லம்மாள் ஆரம்பித்தார், கை எழும்பியது. அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் கிஷன் அம்மாவை அடக்கினான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நல்லம்மாள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றே சிவேந்திரன் சொன்னார்.

“ஆன்டி, கிஷன் மேல தப்பில்ல. நீங்க பேச வந்தப்ப கையக் காட்டி நிறுத்துனது நான். அதப் பார்த்துத்தான் அவன் உங்கள அடக்குனான். நீங்க சண்டை போட்டதையும் உள்ள நின்னு கேட்டேன். வெளிய வரல.”

நல்லம்மாள் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பினார்.

“கிஷன்! இங்க வா. டாக்டர் சொல்றத நீயே கேளு.”

அம்மா மூன்று வாரமாகக் கூப்பிடாத பேர். அவன் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தான். சிவேந்திரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி சொன்னார்.

“அப்ப, அம்மாவ பேச விட்டிருந்தா பொழைச்சிருக்குமா டாக்டர்?”

“பொழைச்சிருக்கலாம்.”

நல்லம்மாள் கிஷன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நோயில் கிடந்த உங்கள் நாயையோ பூனையையோ தூக்கிக்கொண்டு போன இடத்தில், சொல்ல வந்து சொல்லாமலே திரும்பியதுண்டா? என்ன சொல்ல வந்தீர்கள், எது நிறுத்தியது? தயவு செய்து கீழே எழுதுங்கள். வைத்தியம் பார்ப்பவர்களும் எழுதுங்கள்.