நாற்பது பை மண்

மருமகளின் உத்தியோகத்தை மாமியார் ஆறு வருஷமாக ஒரே வார்த்தையில் முடித்துவந்தாள்: "மண்ணு கழுவுற வேலை." அதில் பொய்யும் இல்லை. எண்ணெய் தேடித் துளை போடும் இடத்தில், பூமிக்குள்ளிருந்து சேற்றோடு ஏறி வரும் கல்துகள்களைச் சல்லடையில் அலசி, இருட்டுப் பெட்டிக்குள் வைத்து, ஊதா விளக்கைப் போட்டுப் பார்ப்பதுதான் வேலை. எண்ணெய் இருந்தால் துகள் ஒளிரும். ஆறு வருஷத்தில் ஒரு துகள்கூட ஒளிரவில்லை. எந்நேரமும் கண்ணில் பூதக்கண்ணாடியோடு திரிந்ததால் அங்கே அவளுக்கு லென்ஸ் என்று பேர்.

போன வாரம் ஒரே நாளில் வரிசையாக நாற்பது மாதிரிகள் வெளிர் நீலமாக ஒளிர்ந்தன. வெளிர் நீலம் என்றால் உயர்ந்த ரகம். ஐந்தடிக்கு ஒரு மாதிரி; நாற்பது என்றால் இருநூறு அடி கனத்துக்கு எண்ணெய்! எண்ணெயோடு வரும் வாயுவை அளக்கும் கருவி அன்று பழுது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. எண்ணெயை மேலே எடுத்துப் பார்க்கும் சோதனைக்குக்கூடப் பொறுக்காமல் மேலிடம் விழாவுக்கு நாள் குறித்துவிட்டது. டிவியில் செய்தி வந்ததும் மாமியார் தெருவின் இரண்டு பக்கமும் கதவைத் தட்டி, "எங்க வீட்டுப் பொண்ணு கண்டுபிடிச்சது" என்று தம்பட்டம் அடித்தாள். மண்ணு கழுவுகிறவள் ஒரே ராத்திரியில் எங்க வீட்டுப் பொண்ணாகிவிட்டாள். நரம்பில்லாத நாக்குதானே, எந்தப் பக்கமும் திரும்பும்.

விழா அன்று விடியற்காலை, துணி ஊறவைத்துக்கொண்டிருந்த மாமியார் குரல் கொடுத்தாள். "ஏம்மா, போன வாரச் சட்டையில இன்னும் டீசல் நாத்தம் போகல. இதைத் தனியா ஊறப்போடவா?"

லென்ஸ் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

அன்றைக்குக் களிமண் பசையாக வந்து சல்லடைக் கண்களை அடைத்துக்கொண்டது. சோப்பு தீர்ந்திருந்தது. ஜெனரேட்டர் பக்கம் போய் ஒரு குவளை டீசல் பிடித்து வந்து சல்லடையைத் துலக்கினாள். அடைக்க அடைக்க நாள் முழுக்க அதையேதான் செய்தாள். வேலையில் சேரும் முதல் நாளே சொல்லித் தருவார்கள், சல்லடையில் டீசல் படக்கூடாது என்று. டீசலும் அந்த விளக்கில் ஒளிரும். அதுவும் வெளிர் நீலமாக. புத்திக்குத் தெரிந்தது கைக்கு எட்டாமல் போய்விட்டது.

வேலை போனால் போகட்டும், வேறு தேடிக்கொள்ளலாம். ஆனால் இவள் எழுதும் ஒரு வரியை இனி எவன் நம்புவான்? அவளிடம் இருந்தது அந்த ஒரு சொத்துதான்.

டீசலும் பட்டிருக்கலாம், எண்ணெயும் இருக்கலாம் அல்லவா? ஒவ்வொரு மாதிரியிலும் கொஞ்சம் மண்ணைக் கழுவாமல் துணிப்பையில் கட்டி வைப்பது இப்படி ஒரு நாளுக்காகத்தானே. வேறு சல்லடையில் அலசிப் பார்த்துவிடலாம். அடுப்படிக்குள் புகுந்து டீ வடிகட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அதை எங்கடி தூக்கிக்கிட்டுப் போறே?"

"வேலை இருக்கு அத்தை."

"சரி, சரி. பத்து மணிக்குத் தெருவையே கூட்டிக்கிட்டு வர்றேன். முன் வரிசையில இடம் போட்டு வை."

ஏழு மணிக்கு ஆய்வு அறையின் கதவைச் சாத்திக்கொண்டாள். தகரப் பெட்டி மாதிரி ஓர் அறை. வெளியே பந்தலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடியும் அவள் நெற்றியில் விழுந்தது. முதல் பையைப் பிரித்து, கொஞ்சம் மண்ணை வடிகட்டியில் அலசி, விளக்கைப் போட்டாள். இருட்டு. இரண்டாவதும் இருட்டு. பதினேழாவது பையில் ஒரு புள்ளி மின்னியது. ஊசியால் புரட்டிப் பார்த்தாள். வடிகட்டியின் பிளாஸ்டிக் பிசிறு. கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டுக்கொண்டே நாற்பதாவது பைக்கு வந்தாள். அதுவும் இருட்டு.

அப்போதுதான் பெரிய சார் உள்ளே வந்தார். அந்த இடத்தின் தலைமை நிபுணர். ஓய்வு பெற இரண்டு மாதம் பாக்கி. புதுச் சட்டை போட்டிருந்தார்.

"என்னம்மா, வடிகட்டியும் கையுமா? டீ போடறியா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, நாற்பதாவது பையில் மிச்சமிருந்த மண்ணை எடுத்து, தானே குழாயடியில் அலசிப் பெட்டிக்குள் வைத்தார். விளக்கைப் போட்டார். வெளிர் நீலம்!

"பார்த்தியா? வீணாப் பயந்து சாகறே."

போன உயிர் திரும்பி வந்தது. தான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ? அவர் காலில் விழுந்துவிடலாம் போல் இருந்தது. பிறகு அவர் கையைப் பார்த்தாள். ஆணியில் மாட்டியிருந்த அவளுடைய சல்லடை அங்கே சொட்டிக்கொண்டிருந்தது.

"சார், அது அந்தச் சல்லடை சார்."

அவர் விளக்கை அணைத்தார்.

"தெரியும்மா."

அவள் சல்லடையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அடுத்த வாரம் சோதனை. எண்ணெய் வரலைன்னா, பூமி ஏமாத்திடுச்சுன்னு சொல்லிக்கலாம். பூமி மேல யாரும் கேஸ் போட மாட்டாங்க. மேலே இருக்கிறவங்க வந்துக்கிட்டே இருக்காங்க. நீ கையெழுத்துப் போடு."

அந்த நாற்பது மாதிரிகளின் அறிக்கையையும் பேனாவையும் மேஜைமேல் வைத்தார். கெட்ட மனுஷர் இல்லை. இரண்டு மாதத்தில் ஓய்வு பெற வேண்டியவர். போட்டுவிடலாம். ஒரு கிறுக்கல், அவ்வளவுதான். ஆனால் பழியைப் பூமி மேல் போட்டுவிட்டு, நாளைக்கு எந்த முகத்தோடு மறுபடி அந்த விளக்கைப் போடுவது? அவள் பேனாவை எடுத்து, குறிப்பு என்று இருந்த கட்டத்தில் எழுதினாள்: "சல்லடையை நான் டீசலால் துலக்கினேன். நாற்பது மாதிரிகளும் செல்லாது. கழுவாத மண்ணில் எண்ணெய்க்கான அடையாளம் இல்லை." அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.

பெரிய சார் அதை இரண்டு தடவை படித்தார். "இப்படிப் பண்ணிட்டியேம்மா" என்று முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு மேலிடத்துக்குச் சொல்ல செல்போனை எடுத்தார்.

வெளியே மைக் பாடிக்கொண்டிருந்தது. மாமியார் பந்தல் வாசலிலேயே நின்றாள், பின்னால் தெருப் பெண்கள் பதினைந்து பேர், எல்லோரும் பீரோவிலிருந்து எடுத்த புடவைகளில்.

"ஏன்டி, பேயறைஞ்ச மாதிரி வர்றே? இடம் போட்டியா?"

லென்ஸ் அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனாள். "அத்தை, எண்ணெய் இல்ல. நான் பார்த்தது டீசல். என் தப்பு. அப்படியே எழுதிக் கொடுத்துட்டேன்."

மாமியார் விடமாட்டாள். இனி ஆயுசுக்கும் இந்தத் தெருவில் தலை நிமிர முடியாது என்று திட்டுவாள், மண்ணு கழுவுறவள் புத்தி மண்ணுதானே என்பாள். லென்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீயாவா எழுதிக் கொடுத்தே?"

"ஆமா அத்தை."

மாமியார் திரும்பித் தெருப் பெண்களைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"நீ பேசாம என் பின்னாடி நில்லு. தம்பட்டம் அடிச்சது நானு. நானே சொல்றேன்."

ஏழு வீட்டுக்குக் கேட்கும் அந்தத் தொண்டை முதல் தடவை எழும்பவில்லை. கனைத்துக்கொண்டு, மருமகளின் கையைப் பிடித்தபடியே மறுபடி ஆரம்பித்தாள்.