செப்டம்பரில் பூத்த அமன்காயேஸ்

அமன்காயேஸ் ஜூலையோடு உதிர்ந்துவிடும் மஞ்சள் பூ. லிமாவில் இது எல்லோருக்கும் தெரியும், அன்செல்மோவைத் தவிர. செப்டம்பர் மாதத்தில், கடலோரப் பனிமூட்டக் குன்றுகளில் அது பூத்திருப்பதைக் கண்ணால் பார்த்ததாகக் காதலி யனீராவின் தாயிடம் அளந்துவிட்டான்.

"சரி, ஞாயித்துக்கிழமை காட்டு," என்றார் தோன்யா எர்மெலிந்தா. "பூ இருந்தா என் பொண்ணோட பழகு. இல்லேன்னா திரும்பி வரும்போது நீ வேற பஸ் பாத்துக்கோ. புளுகுற பையன் எங்க வீட்டுக்கு ஆகாது."

சனிக்கிழமையே அன்செல்மோ குன்றேறிப்போய், சந்தையில் வாங்கிய துணிப்பூ ஒன்றைப் பாறையிடுக்கில் நட்டுவிட்டு வந்தான். மூட்டத்துக்குள் தூரத்திலிருந்து காட்டிவிட்டுத் திரும்பிவிடுவது திட்டம்.

ஞாயிறன்று போனால், பூவைச் சுற்றி முப்பது பேர். அந்தக் குன்றுகளின் இயற்கைக் காப்பகக் காவலர் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அங்கே பகலிலும் வெளியே நிற்கும் வளை ஆந்தையைப் பார்க்க வந்தவர்கள் ஆந்தையை அம்போவென்று விட்டுவிட்டுத் தொலைநோக்கிகளை இந்தப் பக்கம் திருப்பியிருந்தார்கள். ஒரு ரீங்காரச்சிட்டு பூவுக்குள் அலகை விட்டது, எடுத்தது, மறுபடி விட்டது. பிறகு, ஏமாந்த வாடிக்கையாளர் கடைவாசலில் நிற்பதுபோல் பூவுக்கு எதிரிலேயே சிறகடித்துக்கொண்டு நின்றது.

"பாத்தீங்களா, பிரிய மனசே இல்ல அதுக்கு," என்றார் காவலர். "சீசன் முடிஞ்சப்புறம் பூத்திருக்கு. முதல்ல யாரு பாத்தது?"

தோன்யா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனார். "எங்க பையன்தான். அப்பவே சொன்னான், நான்தான் நம்பல. எனக்கு மாப்பிள்ளையா வரப்போறவன்."

கூட்டம் கைதட்டியது. ஒருவர் மாமியாரையும் மாப்பிள்ளையையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்தார்.

"வாயைத் திறந்துடாதே," என்றாள் யனீரா அவன் காதில். அது துணிப்பூ என்று அவள் வந்தவுடனேயே கண்டுபிடித்துவிட்டிருந்தாள்.

காவலர் மரியாதையாகக் கயிற்றை உயர்த்தினார். "அம்மா, நீங்க மட்டும் கிட்டப் போய்ப் பாருங்க."

தோன்யா குனிந்தார். பச்சைக் காகிதம் சுற்றிய கம்பி தெரிந்தது. அவர் நிமிர வெகுநேரம் ஆனது.

"வாசனை எப்படிம்மா?" என்று கேட்டார் காவலர்.

தோன்யா கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது.

"தூக்குது," என்றார்.

காவலர் பூரித்துப்போனார். "நாளைக்குத் தாவரவியல் பேராசிரியரை வரச் சொல்றேன்."

இறங்கும் வழியில் தோன்யா, பன்றி வறுவல் வைத்த ரொட்டியைப் பிட்டு, பெரிய துண்டாக அன்செல்மோவிடம் நீட்டினார். முகத்தில் சிரிப்பில்லை.

"சாயங்காலத்துக்குள்ள அந்தப் பூ வாடிடணும். எப்படின்னு நீங்களே பாத்துக்குங்க, மாப்பிள்ளை."