நாற்பத்தொரு பெயர்கள்

...அடுத்தது சேத்துப்பட்டுத் தங்கச்சி, முட்டி வலி, அதற்கடுத்தது பால்காரர், பால்காரரின் எருமை, ஆமாம், எருமைக்குக்கூட ஓர் இடம் இருந்தது, கன்று போட முடியாமல் அது தவித்த வருஷம் சேர்ந்தது, பிறகு எடுபடவேயில்லை, எருமையை விற்ற பின்னும் வந்துகொண்டேயிருந்தது... பாட்டுப் புத்தகத்தை மடியில் மூடி வைத்துக்கொண்டு தமிழ்ச்செல்வி ஒவ்வொன்றாய்ச் சொல்லிப் பார்த்தாள். நாற்பத்தொரு பெயர்கள். மாமியார் ராகேலம்மா விடியற்காலை நாலரை மணிக்கு முட்டி போட்டுச் சத்தமாய்ச் சொன்ன பெயர்கள், அதே வரிசையில், ஒன்றும் தப்பவில்லை. அத்தை போய் இன்றோடு ஒரு வருஷம். சர்ச்சில் நினைவு ஆராதனை, முன்னால் சாமந்தி மாலை போட்ட படம், நாலு பேர் பேசுவார்கள், கடைசியில் குடும்பத்தின் சார்பில் ஒரு ஜெபம், அதை மருமகள்தான் செய்ய வேண்டும் என்று ஆயர் சொல்லிவிட்டார். அவளும் தலையாட்டிவிட்டாள். என்ன செய்யப் போகிறாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். நாற்பத்தொரு பெயரையும் சொல்வாள், அத்தையின் பெயரை மட்டும் சொல்ல மாட்டாள். இருபத்தாறு வருஷத்துக்குப் பதில் ஒரு நாள். அது அதிகமா?

சபைச் செயலாளர் பன்னீர்செல்வம் மைக்கைத் தட்டினார், பேசினார். எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் முதலில் போய் நின்றவர் என்றார், எந்தச் சாவு வீட்டிலும் கடைசியாய்க் கிளம்பியவர் என்றார். பொய்யில்லை. “எம்பேர அவங்க ஜெபத்துல சொல்லலைன்னா அன்னிக்கு வண்டியே ஸ்டார்ட் ஆவாது எனக்கு,” என்றார், எல்லாரும் சிரித்தார்கள். இவர் பெயர் ஒன்பதாவது. இவருக்குச் சர்க்கரை வந்தபோது வரிசையில் நாலாவதாய் ஏறி, குறைந்ததும் பழைய இடத்துக்கு இறங்கியதுகூடத் தமிழ்ச்செல்விக்குத் தெரியும்... போளூரிலிருந்து சுதாகரைக் கட்டிக்கொண்டு வந்த முதல் வாரம், நெற்றியில் வைத்த பொட்டு இருந்த இடம் இன்னும் வெளுப்பாய்த் தெரிந்த வாரம், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தக் குரலைக் கேட்டாள். பெயர் பெயராய் வந்தது. நம் பெயர் எப்போது வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள், வரவில்லை, புதுசுதானே, நாளைக்கு வரும் என்று நினைத்தாள். ஞானஸ்நானம் எடுத்தால் வரும் என்று நினைத்தாள். எடுத்தாள், வரவில்லை. இளவரசன் பிறந்தான், அவன் பெயர் மூன்றாவதாய்ச் சேர்ந்தது. பெற்றவள் பெயர்?

அத்தை அவளைத் திட்டியதில்லை, அதையும் சொல்ல வேண்டும். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். மஞ்சள் காமாலையில் சுதாகர் போனபின், இளவரசன் படிக்கச் சென்னைக்குப் போனபின், எட்டு வருஷம் அந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். சோறு போடட்டுமா அத்தே, ம். இந்தாம்மா, கதவச் சாத்து. அவ்வளவுதான் ஒரு நாளின் பேச்சு. பகலெல்லாம் கடையில் பட்டுச்சேலை மடித்துவிட்டு வந்தால், விளக்கு எரியும், தட்டு போட்டு மூடிய சாப்பாடு இருக்கும், அத்தை அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து வேதம் வாசித்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவை கடுமையான காய்ச்சல், நாலு நாள் எழுந்திருக்கவில்லை, இன்றைக்காவது வரும் என்று காதைச் சுவரில் ஒட்டிவைத்துக் கேட்டாள். சுவர் குளிர்ச்சியாக இருந்தது. நாற்பத்தொன்றும் வந்தன. கொஞ்ச நேரத்தில் அத்தை கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள், மிளகு போட்ட கஞ்சி, அவளுக்குப் பிடிக்கும் என்று எப்படித் தெரியும், சொன்னதேயில்லையே... ஆஸ்பத்திரியில் கடைசி நாள், மூச்சு வாங்கிக்கொண்டு, “நீ ஜெபம் பண்ணு” என்றாள் அத்தை. “எனக்கு வராது அத்தே.” வராதா? அத்தனையும் மனப்பாடம். வாயைத் திறந்திருக்கலாம். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கனிமொழி எழுந்து போய் நின்றாள், பெண்கள் ஐக்கியத்தின் தலைவி, ராகேலம்மாவோடு ஊர் ஊராய் ஜெபத்துக்குப் போனவள். “ஊருக்கெல்லாம் கேப்பாங்க, தனக்குன்னு ஒண்ணுமே கேக்க மாட்டாங்க. கடைசில ஒரே ஒரு வரி. ‘இந்த அடியாளை நினைத்தருளும் அப்பா.’ எந்த வூட்டுக்குப் போனாலும் அதே வரிதான்.” பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். “சிரிக்காதீங்க பசங்களா, அடியாள்னா ரௌடி இல்ல, ஆண்டவரோட வேலைக்காரி,” என்றாள் கனிமொழி, ஆயரே சிரித்துவிட்டார். தமிழ்ச்செல்விக்கும் உதடு விரிந்தது. இதே சிரிப்பைத்தான் புதுப்பெண்ணாய் அவளும் சுதாகரும் போர்வைக்குள் அடக்கினார்கள், உங்கம்மா யாருக்குய்யா அடியாளு, கம்முனு இருடி, கேட்டுகினு இருக்கும்... ஆமாம், அப்போது வீட்டிலும் அடியாள்தான். அப்புறம்?

அப்புறம் அது இல்லையே. பெயர்கள் தீர்ந்ததும் அவள் கேட்பதை விட்டுவிடுவாள், தன் பெயர் வராது என்று தெரிந்தபின் எதற்குக் கேட்பது, புரண்டு படுப்பாள், அல்லது எழுந்து பாத்திரத்தைச் சத்தமாய்ப் போட்டுக் கழுவுவாள். ஆனாலும் காதில் விழுந்திருக்கிறது, தெருவில் போகும் சத்தம்போல. எங்களை. ‘எங்களை நினைத்தருளும் அப்பா.’ எங்களை என்றால் யாரை? சபை முதலிலேயே வந்துவிட்டது. இளவரசனும் அவன் வீட்டுக்காரியும் தனித்தனியாய் வந்தாயிற்று. தங்கச்சி, எருமை, தெருக்காரர்கள், எல்லாரும் போய்ச் சேர்ந்தபின் மிச்சமிருப்பது யார்? அந்தக் கூரைக்குக் கீழே இரண்டே பேர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி... அடியாள் எந்தக் காலையிலிருந்து எங்களை ஆனாள்? சுதாகரைப் புதைத்த மறுநாளா, இளவரசனைப் பஸ் ஏற்றிவிட்ட மறுநாளா? கனிமொழியோடு போன இடத்திலெல்லாம் மாறாத வரி வீட்டில் மட்டும் எதற்கு மாறியது? சேச்சே, இதெல்லாம் என்ன, ஜெபம் என்றால் எல்லாரும் எங்களை என்றுதான் சொல்வார்கள், ஆயர் தன்னந்தனியாய் நின்றாலும் அப்படித்தான் சொல்வார், வயசான நாக்கு, எதையோ சொல்லியிருக்கும். யாரைக் கேட்பது? கேட்டிருக்க வேண்டிய ஒரே ஆள் மாலைக்குள்ளிருந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தமிழ்ச்செல்வியம்மா, வாங்க.” போனாள். மைக் உயரமாய் இருந்தது, பன்னீர்செல்வம் இறக்கிக் கொடுத்தார். கண்ணை மூடியதும் நாலரை மணி இருட்டு. சபையை, ஆயரை, மூன்றாவதாய் இளவரசனை... அவள் வாயிலிருந்து அத்தையின் இழுவை வந்தது, எங்கே நிறுத்துவாளோ அங்கே நின்றது, எங்கே இருமுவாளோ அங்கே தொண்டை தானே கனைத்தது. பெண்கள் பக்கத்தில் விசும்பல் கேட்டது. ஒன்பதாவதாய்ப் பன்னீர்செல்வம், அவர் மூக்கை உறிஞ்சினார். எருமையைக்கூட விடவில்லை, யாரும் சிரிக்கவில்லை. நாற்பத்தொன்று முடிந்தது. முடிந்த இடத்தில் வாய் தானாகச் சொன்னது, “எங்களை...” அதற்கு மேல் வரவில்லை. ஒரு வருஷமாய் அந்தக் கூரைக்குக் கீழே ஒருத்திதான், என்னை என்றல்லவா சொல்ல வேண்டும், நாக்கு திரும்பவில்லை. மைக் ரீங்கரித்தது. “அழட்டும், விடுங்க,” என்று கனிமொழி யாரிடமோ கிசுகிசுத்தாள். அவள் அழவில்லை. வாக்கியம் பாதியில் நிற்க, ஆயர் பின்னாலிருந்து ஆமென் என்றார், எல்லாரும் ஆமென் என்றார்கள்.

வந்து உட்கார்ந்ததும் இளவரசன் பக்கத்துப் பெஞ்சிலிருந்து சாய்ந்தான், காலையில் காரில் வந்தவன், சாயங்காலம் திரும்ப வேண்டியவன். “எல்லார் பேரும் சொன்னியேம்மா, ஆயா பேரு மட்டும் சொல்லலையே.”

சொல்லவில்லையா... இல்லை, சொல்லவில்லை. அப்படித்தானே நினைத்துக்கொண்டு வந்தாள், நினைத்தபடியே விட்டுவிட்டாளா, அல்லது அந்தப் பெயரைத் தனியாய்ச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லையா? “கடைசில சொன்னேனே,” என்றாள். அவன் புரியாமல் பார்த்தான். ஆர்மோனியம் தொடங்கியது, எல்லாரும் எழுந்தார்கள், அவளும் எழுந்து, பாட்டு எத்தனாம் பக்கம் என்று தெரியாமல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.