கால் பங்குத் தெளிவு

வீட்டில் அவளுக்குக் கத்திரி என்று பேர். படம் வெட்டி ஒட்டுகிற வேலைக்குப் போனதும் அண்ணன் வைத்த பேர் அது. பெற்ற அம்மாவே அப்புறம் அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்தாள். அந்த அண்ணன் வேலை பார்க்கிற ரசாயனத் தொழிற்சாலைக்குத்தான் இப்போது ஆறு நிமிஷப் பாதுகாப்புப் படம் ஒன்றை அவள் முடித்துக்கொடுக்க வேண்டும், அதுவும் காலை பத்து மணிக்குள். மத்தியானம் ஒன்றரைக்கு அதைத் தொட்டி கழுவும் ஆட்களுக்குப் போட்டுக் காட்டிவிட்டு, மூன்று மணிக்கு அவர்களைத் தொட்டிக்குள் இறக்கப் போகிறார்கள். புது ஆட்கள். அவர்களுக்குத் தலைவன் அண்ணன்தான். யார் யாரிடமோ சொல்லி இந்த வேலையை அவளுக்கு வாங்கிக்கொடுத்ததும் அவன்தான். போதாக்குறைக்கு, தங்கச்சி கை வைத்தால் ஒரு பிசகு இருக்காது என்று தொழிற்சாலை முழுக்கத் தம்பட்டம் வேறு.

எட்டரைக்கெல்லாம் படம் முடிந்துவிட்டது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. நான்காம் நிமிஷத்தில் ஓர் எழுத்து அட்டை வரும். தொட்டிக்குள் இறங்க எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று ஐந்து வரி. படத்தில் பேசுகிற குரல் அதை வாசிக்காது. குரலை முன்பே பதிவு செய்தாயிற்று. ‘திரையில் உள்ள வரிசைப்படி செய்யுங்கள்’ என்று சொல்லிவிட்டு அது வாயை மூடிக்கொள்ளும். ஆக, அந்த ஐந்து வரிதான் படத்துக்கே உயிர். டிசைனர் அனுப்பிய அட்டையை வைத்து ஓட்டிப் பார்த்தால், எழுத்தெல்லாம் மழையில் நனைந்த நோட்டுப்புத்தகம் மாதிரி கலங்கிக் கிடந்தது.

கத்திரி என்னென்னவோ செய்து பார்த்தாள். அட்டையை எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். அளவைப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. மெஷினில் சேர்ந்து கிடந்த தற்காலிகக் குப்பையெல்லாம் அழித்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். அது கிழட்டு மெஷின், எழுந்து உட்காரவே ஏழு நிமிஷம் ஆயிற்று. எழுந்த பிறகும் அதே கலங்கல்தான்.

டிசைனருக்குப் போன் போட்டாள். தன்னிடம் அட்டை பளிச்சென்று இருக்கிறது என்றாள் டிசைனர். அப்படியானால் உன் எழுத்துதான் கொசுக்கால் மாதிரி மெலிசு என்று இவள் சொல்ல, முதலில் உன் மெஷினைப் போய்ப் பார் என்று அவள் போனை வைத்துவிட்டாள். நல்ல புத்திதான் சொன்னாள். ஆனால் கோபம் தலைக்கேறியிருக்கும்போது நல்ல புத்தி யார் காதில் விழும்?

மணி ஒன்பது நாற்பது. படம் தொடங்கிய முதல் வாரத்தில், இடத்தைப் பிடித்து வைப்பதற்காகக் கத்திரி தானே ஓர் அட்டை தட்டிப் போட்டிருந்தாள். அழகெல்லாம் பார்க்காமல் தடித்தடியாக அடித்த கொட்டை எழுத்து. அதைத் தேடி எடுத்து வைத்து ஓட்டினாள். தெளிவாகத் தெரிந்தது! இதற்கா அவ்வளவு அலட்டல் என்று டிசைனரை மனசுக்குள் ஒரு பாட்டம் திட்டிவிட்டு, படத்தை முடித்து எடுத்து, அட்டை வரும் இடத்தை ஒரு தரம் பார்த்தாள். எழுத்து எப்படித் தெரிகிறது என்று பார்த்தாளே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கவில்லை. பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே அனுப்பிவிட்டு அண்ணனுக்கும் சேதி சொன்னாள். கத்திரின்னா கத்திரிதான் என்று பதில் வந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்து வேறு வேலையைத் திறந்தாள். ஒரு கடைத் திறப்பு விழா. அதிலும் கடைப் பெயர் கலங்கித் தெரிந்தது. என்னடா இது சனியன் என்று முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனபோதுதான், ஓடும் படத்துக்குக் கீழே ஓரமாக இருந்த சின்னக் கட்டம் கண்ணில் பட்டது. கால் பங்கு என்று காட்டியது.

முந்தாநாள் படம் விக்கி விக்கி ஓடுகிறதே என்று அவளே வைத்ததுதான். நாலில் ஒரு பங்குத் தெளிவில் ஓட்டினால் போதும் என்று மெஷினுக்குச் சொல்கிற கட்டம் அது. முடித்து எடுக்கிற படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. இந்தத் தொழிலில் முதல் வாரத்துப் பாடம். இவளே நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. கட்டத்தை முழுசுக்கு மாற்றி, தொழிற்சாலைப் படத்தைத் திறந்து, டிசைனர் அட்டையைப் போட்டுப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி இருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே முதல் தடவையாக அந்த ஐந்து வரிகளை வாசித்தாள்.

மூன்றாம் வரி, தொட்டிக்குள் நல்ல காற்றை ஊதுகிற விசிறியைப் பற்றியது: ‘கடைசி ஆள் வெளியே வரும்வரை விசிறியை நிறுத்தாதே.’

தன் அட்டையை எடுத்துப் பார்த்தாள். ‘விசிறியை நிறுத்திவிட்டு இறங்கு’ என்றிருந்தது. தொழிற்சாலையிலிருந்து முதலில் வந்த குறிப்பில் அப்படித்தான் இருந்தது. பாதுகாப்பு அதிகாரி அதைச் சிவப்பு மையால் அடித்துத் திருத்தி அனுப்பியிருந்தார். திருத்தம் டிசைனருக்குப் போயிற்று. இவளுடைய பழைய அட்டை பழையபடியே கிடந்தது.

மணி இரண்டு இருபது. அண்ணனுக்குப் போன் போட்டாள். தொட்டிப் பக்கம் போகுமுன் ஆட்களின் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், அது அடித்துக்கொண்டே இருந்தது. அதிகாரியும் எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தாள். மூன்று மணிக்குத்தானே, மூன்று மணிக்குத்தானே என்று வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள்.

வேலை சீக்கிரம் முடியட்டும் என்று இரண்டரைக்கே இறங்கிவிட்டிருந்தார்கள். வாசல் காவலாளி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் முதலுதவி அறையைக் கைகாட்டினார்.

அண்ணன் மூக்கில் ஆக்ஸிஜன் மூடியோடு படுத்திருந்தான். எப்போதும் தலைவன்தான் முதலில் இறங்குவான். ஏணியின் ஆறாம் படியிலேயே மயங்கிவிட்டான். இடுப்பில் கயிறு இருந்ததால் இழுத்துப் போட்டுவிட்டார்கள். பிழைத்துக்கொள்வான் என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவன் மூடியை விலக்கினான்.

“விசிறிய நிறுத்திட்டு எறங்கினேன்” என்றான்.

“பன்னண்டு வருஷமா ஓடவிட்டுத்தானே அண்ணா எறங்குவ?”

“ஆமா. ஆனா நீ செஞ்ச படத்துல அப்படிப் போட்டிருந்துச்சே. இத்தனை நாளா எனக்குத்தான் தப்பாத் தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன்.”

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். அதிகாரி திருத்திய அட்டையை முன்பே போனில் பார்த்துச் சரி சொன்னவர், அதனால் படம் ஓடும்போது அறையில் இல்லையாம். அவசரத்தில் நான்தான் மாற்றிச் செய்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டானாம்.

“நீ வாயத் தொறக்காத. படத்தை வீட்டுக்குப் போய் மாத்தி அனுப்பிடு. ஒருத்தருக்கும் தெரியாது.”

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு குரல் கேட்டது. அவளே உட்கார்ந்து ஒழுங்குபடுத்திய குரல். அடுத்த ஷிஃப்ட் ஆட்களுக்குப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ‘திரையில் உள்ள வரிசைப்படி செய்யுங்கள்.’

அவள் எழுந்தாள். அண்ணன் கையை விடவில்லை. “கத்திரி, உக்காரு. உன் பொழப்பே போயிடும்” என்றான். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக அதிகாரி நின்றிருந்தார், இந்தத் தடவை அறைக்குள்ளேயே, போனைப் பார்த்துக்கொண்டு. நேரே போய்த் திரைக்கு முன்னால் நின்றாள்.

“நிறுத்துங்க. இந்த அட்டை தப்பு. எங்க அண்ணன் சரியாத்தான் தெரிஞ்சு வெச்சிருந்தாரு. என் படத்தை நம்பித்தான் எறங்கியிருக்காரு.”

“அவரு வேற மாதிரி சொன்னாரே” என்றார் அதிகாரி.

“பொய். எனக்காகச் சொல்லியிருக்காரு.”

யாரும் படத்தை இன்னும் நிறுத்தவில்லை. மூன்றாம் வரி அவள் முகத்தின் மேல் விழுந்து கிடந்தது. கடைசி வரிசை வரைக்கும் நன்றாகத் தெரிகிற கொட்டை எழுத்து.